பதினாறு வீட்டாரின் புகார்களை ஒருவரே எழுதியதாகக் கொண்டு முடித்துவைத்தது குறித்து

அனுப்புநர்:
மெய்ப்புத் திருத்துநர்,
இரண்டாம் மாடி, படிக்கட்டுக்கு வலப்பக்க வீடு,
பதினாறு வீட்டுக் குடியிருப்பு.
(குடியிருப்போர் சார்பாக)

பெறுநர்:
கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: பக்கத்து மனையில் தோண்டப்படும் பள்ளத்தால் எங்கள் கட்டடம் அசைவது – இது குறித்த பதினாறு இணையப் புகார்கள் போலி எனத் தள்ளப்பட்டது – திங்கட்கிழமைக்கு முன் நேரில் பார்வையிடக் கோருவது.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் இணையக் குறைதீர் மன்றம் இம்மாதம் 9ஆம் தேதி அளித்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பிறர் எழுத்தில் உள்ள பிழைகளை அச்சுக்குப் போகுமுன் களைவது என் வேலை. கீழே சொல்லப்போகும் தவற்றில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் கட்டடத்தின் பின்சுவரிலிருந்து ஒன்பதடி தூரத்தில் இருந்த பழைய கிடங்கை ஏழு வாரங்களுக்கு முன் இடித்தார்கள். அங்கே இப்போது பதினான்கடிப் பள்ளம் இருக்கிறது. வாகன நிறுத்தத்துக்காகத் தரைக்குக் கீழே இரண்டு தளங்கள் வரப்போவதாகப் பலகை சொல்கிறது. பள்ளத்தின் எங்கள் பக்கக் கரைக்கு எந்த முட்டும் கொடுக்கப்படவில்லை.

3. ஆபத்தை முதலில் கண்டவர் முதல் மாடியில் குடியிருக்கும் கொத்தனார். சென்ற மாதம் 21ஆம் தேதி அவர் எங்கள் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவில் எழுதியதை எழுத்து மாறாமல் தருகிறேன்:

"எல்லாரும் அவங்கவங்க கதவ பாருங்க எங் கதவு மேல இடிக்குது செவரு விரிச்சல் கீழருந்து மேல போகுது மேலருந்து கீழ வந்தா பூச்சு கீழருந்து மேல போனா அஸ்திவாரம்"

அதற்கு முதல் பதில் என்னுடையது. "விரிச்சல் அல்ல, விரிசல்" என்று எழுதினேன். அடுத்து ஒருவர், "கொத்தனாரே, நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாமா?" என்று கேட்டார். இன்னொருவர், "புள்ளி வைக்க சிமென்ட் பத்தலையோ?" என்றார். சிரிப்புப் படங்கள் பதினொன்று விழுந்தன. தன் வீட்டுக் கதவை யாரும் போய்ப் பார்க்கவில்லை. கொத்தனார் தம் பதிவை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து விலகினார்; என் பதிலின் மேல் ஒட்டிநின்ற நகலிலிருந்தே அதை இங்கே எடுத்தெழுதினேன்.

4. இம்மாதம் முதல் தேதி என் வீட்டுக் குளியலறைக் கதவு நிலையில் இடித்து நின்றது. அப்போதுதான் கீழே இறங்கிப் போனேன். கொத்தனார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "இப்பவாவது கதவு சொல்லுச்சே. அது பிழையில்லாம சொல்லியிருக்கும்" என்றார். அதற்கு மேல் என்னைக் குறை கூறவில்லை. விரிசலின் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும். பக்கத்தில் பென்சிலால் தேதி குறித்திருந்தார். இரண்டு உடைந்திருந்தன.

5. தங்கள் இணைய மன்றத்திலும் அவர் 21ஆம் தேதியே புகார் பதிந்திருக்கிறார். "பதிவு தெளிவாக இல்லை. விதி மூன்றின்படி எழுத்துப் பிழையின்றி, உரிய நிறுத்தற்குறிகளுடன் மீண்டும் பதியவும்" என்ற பதிலோடு அது முடிக்கப்பட்டிருந்தது.

6. எனவே பதினாறு வீட்டாரும் தனித்தனியே பதிவது என்றும், அனுப்புமுன் நான் திருத்தித் தருவது என்றும் முடிவாயிற்று. துண்டுத் தாளில் எழுதியும் குரல் பதிவில் சொல்லியும் தந்தார்கள். கீழ்த்தளத் தையல்காரர், "போன வாரம் டேப்பு வச்சப்ப அரை இஞ்சு, இன்னைக்கு முக்கா இஞ்சு. துணின்னா சுருங்கும், செவரு எப்படிங்க விரியும்?" என்று எழுதியிருந்தார். மூன்றாம் மாடிச் செவிலியர், "டூட்டி முடிஞ்சு வந்து படுத்தா தலைமாடு தாழ்ந்து கிடக்கு. கட்டிலுக்குக் கீழ ரெண்டு புத்தகம் வச்சேன், இப்ப மூணு வேணும்" என்றார். அவருக்கு எதிர்வீட்டுப் பேருந்து ஓட்டுநர், "புள்ளையோட பந்து எங்க வச்சாலும் பள்ளத்துப் பக்கமே உருளுது. ஹேண்ட்பிரேக் இல்லாத வீடு சார் இது" என்று சொல்லியிருந்தார்.

இவற்றையெல்லாம் நான் திருத்தினேன். இஞ்சு மில்லிமீட்டர் ஆயிற்று. டேப்பும் கட்டிலும் பந்தும் போயின. பதினாறு புகார்களிலும் "சுவரில் விரிசல் ஏற்பட்டுள்ளது, தரை சாய்ந்துள்ளது, உடனடி நடவடிக்கை தேவை" என்பதே மிஞ்சியது. அனுப்புமுன் என் அம்மா வாசித்துப் பார்த்து, "பதினாறு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து எழுதின மாதிரி இருக்கேடி" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

7. 9ஆம் தேதி பதில் வந்தது. சொல்லமைப்பும் நிறுத்தற்குறிகளும் ஒன்றுபோல் இருப்பதால், ஒரே நபர் பதினாறு பெயர்களில் எழுதியதாக முடிவு செய்து, பதினாறு கணக்குகளையும் முடக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். ஆனால் இன்று எங்களில் யாரும் தங்களுக்கு இணையவழி ஒரு சொல்கூட அனுப்ப முடியாது. தையல்காரர் கேட்ட கேள்வியைத் தங்களிடம் வைக்கிறேன்: "ஒழுங்கா எழுதலைன்னா புரியலைங்கிறாங்க. ஒழுங்கா எழுதினா நாம இல்லைங்கிறாங்க. அப்ப நாம எழுதுறதுன்னா எப்படித்தான் எழுதுறது?"

8. விதி மூன்று தவறு என்று நான் சொல்ல வரவில்லை. முகம் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் எழுத்துதான் முகம். அதைத் துடைத்துத் திருத்தமாகக் காட்டுவது படிப்பவருக்குச் செய்யும் மரியாதை என்று இன்றும் நம்புகிறேன். கொத்தனாரின் செய்தியில் நான்கு புள்ளிகள் இருந்திருந்தால் நாங்கள் அதை ஒரே மூச்சில் சிரித்துக் கடந்திருக்க மாட்டோம் என்பதும் உண்மை. ஆனால் என் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருவது, பிழையைத் தேடுமுன் பொருளைப் படி என்பது. நான் அதைச் செய்யவில்லை. மன்றமும் செய்யவில்லை. ஏறத்தாழ நான்கு வாரங்கள் போய்விட்டன.

9. இப்போதைய நிலை: மூன்றாவது கண்ணாடியும் உடைந்துவிட்டது. புதிதாக ஒட்டிய ஆறில் நான்கு ஒரு வாரத்துக்குள் உடைந்தன. நேற்று, வியாழக்கிழமை காலை, தையல்காரர் வீட்டு வாசற்கதவு இறுகிக்கொண்டது. அவர் மனைவியும் கைக்குழந்தையும் நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் கடப்பாரையால் நெம்பிக் கதவைப் பெயர்த்தெடுத்தார். அதன் பிறகு கீழ்த்தளத்தில் நான்கு வீட்டாரும் வாசற்கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, திரைச்சீலை கட்டியிருக்கிறார்கள்.

பின்சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வருகிறது. கற்கண்டை மெல்லக் கடிப்பது போன்ற சத்தம். தோண்டும் இயந்திரம் ஓடும்போது அது கேட்பதில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலையாட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கேட்கிறது. கொத்தனாரிடம் அது என்னவென்று கேட்டேன். "கேக்காதம்மா. எழுதுறதை சீக்கிரம் எழுது" என்றார்.

10. பள்ளத்தின் இரண்டாம் தளத்தை வரும் திங்கட்கிழமை, 19ஆம் தேதி, காலை ஏழு மணிக்குத் தோண்டத் தொடங்குவதாக இன்று புதிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே தாங்கள்,

(அ) எங்கள் கட்டடத்தை ஆராய்ந்து முடிக்கும்வரை அந்த வேலையை நிறுத்த ஆணையிடுமாறும்,

(ஆ) அதற்கு முன் தாங்களோ தங்கள் பொறியாளரோ நேரில் வந்து, கண்ணாடிகளைப் பார்த்து, பின்சுவரில் காது வைத்துக் கேட்குமாறும்,

(இ) கட்டடம் தங்கத் தகாதது என்றால் அதை எழுத்தில் கொடுத்து, நாங்கள் எங்கே போகலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

பதினாறு வீட்டாரும் எழுதித் தந்தவற்றையும் சொன்னவற்றையும் அப்படியே, ஒரு புள்ளிகூடச் சேர்க்காமல், இத்துடன் இணைத்திருக்கிறேன். படிக்கச் சிரமமாக இருக்கும். அருள்கூர்ந்து அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவும். அவற்றைப் படித்த எவரும் பதினாறு பேரை ஒருவர் என்று சொல்ல மாட்டார்.

எங்கள் உயிர் தங்கள் ஒரு வருகையில் இருக்கிறது என்பதை மிகையாகக் கருத வேண்டாம் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

நாள்: 16, வெள்ளிக்கிழமை
இடம்: கீழ்த்தளப் படிக்கட்டு

இங்ஙனம்,
(ஒப்பம்)
மெய்ப்புத் திருத்துநர்

குறிப்பு: பதினாறு வீட்டுக்குப் பதின்மூன்று கையெழுத்துகளே உள்ளன. இதை மற்ற மூவரின் உடன்பாடின்மை என்று கொள்ள வேண்டாம். கையெழுத்து வாங்க இன்று போனபோது அம்மூன்று வீடுகளும் காலியாக இருந்தன. உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கையெழுத்திட்டுள்ள பதின்மூன்று வீட்டாருக்கும் போக வேறு இடம் இல்லை.