அனற் அக்காவை அழித்தது

2025 மார்ச் 1, சனி

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. என் பிறந்தநாளைப் போட்டேன், புருஷன் வில்பிரட் பிறந்தநாளைப் போட்டேன். புளொக் திறக்கவே இல்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

“நாம கல்யாணம் கட்டின தேதியப் போட்டுப் பாரு” என்றார்.

“அது என்னா தேதிங்க?”

மனுஷன் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கும் ஞாபகம் இல்லை.

பக்கத்து வீட்டு நிலூஷா வந்துதான் திறந்து தந்தாள். அனற் அக்காவின் மகள். “சித்தி வாயால சொல்றதை எல்லாம் எழுதிப் போடுங்க” என்று இந்தப் புளொக்கை ஆரம்பித்து, ‘லூர்து சொல்றேன்’ என்று பெயரும் வைத்தவள் இவள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் தேவையா? பல்லேகல கார்மெண்ட் கேன்டீனில் நாள் முழுக்க வெங்காயம் உரித்துவிட்டு வந்து, அதே விரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்த வேண்டியிருக்கிறது. எழுதச் சொல்லி யார் அடித்தார்கள் என்னை? புளொக்கில் போட முடியாததை இந்தப் பழைய கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3

அனற் அக்கா மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருமலையும் ராகத்தோடு இருமுவதைப் பற்றி எழுதினேன். போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் “அடிப்பாவி!” என்று சத்தம். பிறகு சிரிப்பு. முதலில் வாசிக்கிறது எப்போதும் அவள்தான்.

இரண்டாவது ஆள் ஒரு அமெரிக்காக்காரர். எதைப் போட்டாலும் “மிக நல்ல பதிவு, உபயோகமான தகவல்” என்று இங்கிலீசில் எழுதுகிறார். நானும் நன்றி சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவந்தேன். அது மனுஷனே இல்லையாம், மூட்டுவலி மருந்து விளம்பரமாம். நிலூஷா விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை நாள் யாரை விசாரித்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 5

திருநீற்றுப் புதன். தவக்காலம் முடியும்வரை எதையாவது விட்டு ஒறுத்து வாழச் சொன்னார் பாதர். என்னிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது, வாயைத் தவிர?

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் நிலூஷா கையைப் பிடித்தாள். ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாத்தளைப் பக்கம், பையன் பெயர் எஸ்ரன். சர்வே ஒபீசில் வேலை. இவளும் போட்டோவைப் பார்த்துவிட்டாள் போல. பெயரைச் சொல்லும்போதே முகம் சிவந்தது. பையனின் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், கண்டிப்பானவராம். ஈஸ்டர் முடிந்ததும் வீடு பார்க்க வருகிறார்கள்.

“நல்லதுதானே பிள்ளை. ஏன் அழுவுற மாதிரி இருக்கே?”

“எங்க பேரப் போட்டு நெட்ல தேடுவாங்க சித்தி. உங்க புளொக் முழுக்க அம்மாதான் இருக்காங்க.”

நான் நடையை மெதுவாக்கினேன்.

“அம்மா பத்தினத மட்டும் எடுத்துடுங்க. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க. பெத்த தாயை நெனைச்சு வெக்கப்படுறேன்னு அம்மா நெனைச்சிடுவாங்க.”

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

மார்ச் 18

ஒவ்வொன்றாகத்தான் அழிக்கத் தெரிகிறது எனக்கு. ஒவ்வொரு தடவையும் போன் “நிச்சயமாகவா?” என்று கேட்கிறது. நிச்சயமா தாயே, அழி.

குரங்குக் கதையைக் கடைசிக்கு வைத்தேன். திருநாளன்று காலை அக்கா சவுரி முடியைக் கழுவிக் கொடியில் காயப் போட்டாள். குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு கோயில் கூரையில் போய் உட்கார்ந்தது. கீழே சாமி சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் சுற்றி வருகிறது. மேலே குரங்கு முடிக்குப் பேன் பார்க்கிறது. அக்காவோ அண்ணாந்து பார்க்காமல், அது தன் முடியே இல்லை என்ற மாதிரி, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

வாசித்துவிட்டு அழிக்கிற பொத்தானைத் தொட்டேன். நிச்சயமாகவா என்றது. தாயே என்று சொல்லாமலே ஆமாம் என்பதை அழுத்தினேன்.

மார்ச் 23

இங்கே அம்பிட்டியவில் மழை என்று எழுதிப் போட்டேன். உபயோகமான தகவல் என்றது விளம்பரம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

துணி காயப் போடும்போது அக்கா வந்து நின்றாள். முகமே சரியில்லை.

“உன் புளொக்கைப் போய்ப் பாத்தேன். என்னைய காணோம்.”

“போன்ல இடம் பத்தலை அக்கா.”

“மழைக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா?”

நான் வாளிக்குள் குனிந்து துணியைத் தேடினேன்.

“என்னைய எழுதி அலுத்துப்போச்சுன்னா சொல்லிட்டுப் போடி. எதுக்குத் தொடைச்சு எடுக்கணும்? நான் செத்தா போயிட்டேன்?”

போய்விட்டாள். ஈரத்துணி அப்படியே வாளிக்குள் கிடக்கிறது. வில்பிரட்டிடம் சொன்னேன். “உண்மையைச் சொல்லித் தொலை” என்றார். பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிவிட்டேன் என்றேன். “முப்பது வருஷமா மூடாத வாய், இப்பதானா மூடணும்?” என்றார். நான் சொல்ல வேண்டிய பகிடி. சிரிக்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 9

புளொக்கில் ஒன்றும் எழுதவில்லை. எழுதி யாருக்கு?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து அக்கா எல்லோருக்கும் கை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், பாதருக்குக் கொடுக்கிற மாதிரி.

ஏப்ரல் 24

புத்தரின் புனிதப் பல்லை வணங்குகிற தலதா வழிபாட்டுக்கு வந்த சனத்தால் டவுன் நிறைந்து கிடக்கிறது. பஸ் நகரவில்லை, வேலைக்குப் போக முடியாமல் பாதி வழியில் இறங்கி நடந்து திரும்பினேன். மாத்தளைக்காரர்களும் வருகிறதை மே மாசத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். நிலூஷா வந்து மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்கு நீங்க கட்டாயம் வரணும் சித்தி.” அவள் அம்மா கூப்பிடவில்லை.

மே 4, ஞாயிறு

போனேன். அக்கா வீட்டுக் குசினியில் மாத்தளைக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அங்கே நின்றால் யாரும் என்னிடம் பேசத் தேவையில்லை.

முன் அறையில் மாப்பிள்ளை வீட்டார். டீச்சரம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பையன் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிறான். நிலூஷா தரையைப் பார்க்கிறாள். அப்போது தகரக் கூரையில் தடதடவென்று ஒரு சத்தம். டீச்சரம்மா துள்ளிவிட்டார்.

“என்ன அது?”

“குரங்குங்க” என்றாள் அக்கா. “முடியைப் பத்திரமாப் புடிச்சுக்கங்க.”

அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டாள். கொடி, சவுரி, கோயில் கூரை, எல்லாம். நிலூஷா கண்ணை மூடிக்கொண்டாள். நான் தட்டோடு குசினி வாசலில் நிற்கிறேன். ஒரு குரங்கு என்று நான் எழுதினதை இவள் மூன்றாக்கிவிட்டாள். மூன்றும் முடிக்குச் சண்டை பிடித்தனவாம்! அப்படி நடக்கவே இல்லை. ஆனால் நான் எழுதினதைவிட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

கதை முடிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

டீச்சரம்மா தன் கொண்டையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அந்தக் குரங்குங்க இன்னும் இந்தப் பக்கந்தான் இருக்கா?”

முதலில் சிரித்தது பையன்தான். பிறகு எல்லோரும். டீச்சரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“மிச்சத்தை இவகிட்ட கேளுங்க” என்று அக்கா குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். “எல்லாம் எழுதி வச்சிருந்தா. என்ன கோவமோ, அழிச்சிட்டா.”

“நான்தாம்மா அழிக்கச் சொன்னேன்” என்றாள் நிலூஷா.

அக்கா மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டு, “வந்து உக்காருடி” என்றாள்.

மே 11, ஞாயிறு

சம்மதம் என்று மாத்தளையிலிருந்து போன் வந்ததாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சம்பந்தியம்மா வாசிக்கணுமாம். மொதல்லருந்து எழுது.”

“எல்லாத்தையுமா? எனக்கு வெரல் வலிக்குது அக்கா.”

“அழிக்கும்போது வலிக்கலையா?”

எழுதினேன். கொடி, சவுரி, கோயில் கூரை.

“குரங்கு ஒண்ணுதானே அக்கா?”

“மூணுன்னு சொல்லிட்டேனே. இனி எப்பிடி மாத்துறது?”

மூன்று என்று எழுதினேன். மிச்சத்துக்கு நாளைக்கும் வருகிறாளாம்.