மாதுளைத் தோலும் என் வாய்ஜம்பமும்

என் வாலுக்குட்டிக்கு,

அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியா இருக்கேன்னு நம்பறேன். இங்கே எங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, உன் அம்மாவுக்குப் படியேறும்போது மட்டும் முழங்கால் வலிக்குது, கொஞ்சம் உட்காருன்னா என்னைத்தான் முறைக்கறா. உன் அண்ணன் வீட்டுப் பொடிசுக்குப் பல் முளைச்சிருக்கு, கையில கிடைச்சதையெல்லாம் கடிக்குது, என் மூக்கையும் விடலை. ஜூஸ் கடை வழக்கம்போல ஓடுது. இதையெல்லாம் போன்லயே சொல்லலாம்தான், ஆனா சொல்ல வந்த விஷயம் வேற, உன் குரலைக் கேட்டா பேச்சை மாத்திடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியாதா. அதான் எழுதறேன், முடிச்சதும் அம்மா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிடுவா.

எதிர்க்கடை டைலர் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, இப்போதான் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உன் பொம்மைக்கெல்லாம் துண்டுத் துணியில சட்டை தைச்சுக் கொடுப்பாரே, அதே மனுஷன்தான். வலது கை தூக்க வரலை. கத்தரிக்கோல் பிடிக்கற கைம்மா அது. அதுக்குக் காரணம் நான்தான். நீ போன தடவை வந்தப்ப சொன்னே இல்லையா, மாதுளைத் தோல்ல இருக்கற ஏதோ ஒரு ஆன்டிஆக்சிடென்ட்டைப் பிரிச்செடுத்து உங்க லேப்ல ஆராயறோம், கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுங்களை அது ஓரளவு காப்பாத்தற மாதிரித் தெரியுது, இனிமேதான் எலிக்குக் கொடுத்துப் பார்க்கணும், மனுஷனுக்கு ஆகுமான்னு சொல்ல இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்னு. நீ முழுசாத்தான் சொன்னே, நான்தான் பாதியிலயே காதைச் சாத்திக்கிட்டேன். நீ ஊருக்குக் கிளம்பின மறுநாளே கடைக்கு வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் என் பொண்ணு பிரஷருக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டா, அதுவும் நாம குப்பையில கொட்டற தோல்லன்னு அளந்து விட்டேன். என் கதையில எலியும் கிடையாது, தட்டும் கிடையாது. வெள்ளைக் கோட்டுல இருக்கற உன் போட்டோவை மிக்சிக்கு மேல ஒட்டினேன். தோலைக் காயவெச்சு அரைச்சுப் பொட்டலம் கட்டி எல்லாருக்கும் சும்மாவே கொடுத்தேன், காசுக்கா செய்யறேன்னு ஒரு பீத்தல் வேற.

டைலர் அண்ணனுக்கு ரொம்ப நாளா பிரஷர். மாத்திரை போட்டா தலை சுத்துது, ஊசியில நூல் கோக்க முடியலைன்னு புலம்பிட்டே இருப்பார். ஒருநாள் ஜூஸ் குடிச்சுக்கிட்டே, பொடிதான் சாப்பிடறேனே, மாத்திரையை நிறுத்திடட்டுமான்னு கேட்டார். சுத்தி நாலு பேர் நின்னாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை, அது வரலைம்மா என் வாயில. தாராளமா நிறுத்துங்க அண்ணே, இதை நானா சொல்றேன், என் பொண்ணு படிச்ச படிப்பு சொல்லுதுன்னேன். கொஞ்ச நாள்லயே, தைச்சுக்கிட்டு இருந்தவர் அப்படியே மெஷின் மேல சாஞ்சுட்டார். மாத்திரையை விட்டதாலதான் பிரஷர் எகிறிடுச்சுன்னு டாக்டர் திட்டியிருக்கார். எழுதவே கை கூசுது. வெட்கமா இருக்கு, தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியலை. உன் போட்டோவைக் கிழியாம உரிச்சு எடுத்துட்டேன், பொடியை எல்லாம் கொட்டிட்டேன், அதனால அவர் கை வந்துடுமா என்ன.

இதைவிடக் கொடுமை என்னன்னா, அவர் இன்னும் என்னை நம்பறார். பொடியை நடுவுல மறந்துட்டேன், அதான் இப்படி ஆச்சுங்கறார். நேத்து போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் சொன்னது பொய் அண்ணே, என் பொண்ணு அப்படிச் சொல்லவே இல்லைன்னேன். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு, அதோட சிரிக்கறார். எனக்கு இப்படி ஆயிடுச்சுன்னு நீ மனசு உடைஞ்சு பேசறே, அதுக்காக உன் பொண்ணு மூளையைக் குறைச்சுப் பேசாதேன்னு என்னையே தேத்தறார். வாசல் வரைக்கும் கூடவே வந்த அவர் சம்சாரம், நம்ம அண்ணி, இவர் மாத்திரையைத் துப்பிடறார், பொடியாவது கொஞ்சம் கூடுதலாக் கொடுங்கன்னு டப்பாவை நீட்டினாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியாம ஓடி வந்துட்டேன்.

நீ சொன்னாத்தான் கேட்பார் வாலு. அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைக்கச் சொல்லு. நானும் அங்கேதான் நிப்பேன். மாத்திரைதான் மருந்து, டாக்டர் சொல்லாம ஒருவேளைகூட விடக்கூடாதுன்னு சொல்லு. எங்க அப்பா உங்ககிட்ட பொய் சொன்னார்னு சொல்லு. பாவம், தெரியாம சொல்லிட்டார்னு பூசி மெழுகாதே, மென்னு முழுங்கினா அதையும் தன்னடக்கம்னு எடுத்துக்குவார். அப்பனைப் பத்தி அப்படிப் பேச உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். நான் பக்கத்துல இல்லைன்னு நினைச்சுக்கிட்டுப் பேசு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் ஆராய்ச்சி அவசரமில்லாம நல்லபடியா முடியணும். குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கோ. அவருக்கு அடுத்த மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அதுக்குள்ள கூப்பிட்டுடும்மா.

உன் படிப்பை வெச்சுப் பொய் சொன்ன
அப்பா