வலது இறக்கையின் எண்கள்

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று கேட்டால் 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது, என் போனை நீ எடுக்காமலும் இரண்டு வருடம். ஆகவே கடிதம்.

விஷயம் என் விமானம். கார் ஷெட்டில் நான்கு வருடமாகக் கட்டினேனே, அதுதான். இறக்கை மூன்றரை மீட்டர், எடை இருபத்திரண்டு கிலோ, பெட்ரோல் எஞ்சின். ரிமோட்டின் சிக்னலை வாங்க இரண்டு ரிசீவர் வைத்திருக்கிறேன். இடது பாதியை ஒன்று ஆட்டும், வலது பாதியை மற்றது. ஒன்று செத்தாலும் மற்றதை வைத்து இறக்கிவிடலாம். எஞ்சின் நின்றிருந்தால் எல்லாம் ஒழுங்காக அசைகிறது. ஓடினால் வலது இறக்கையின் பின்னோரத்தில் அசையும் மடல்கள் உதறுகின்றன, சில சமயம் ஒரு நொடி அப்படியே உறைந்துபோகின்றன. ரிசீவர், மோட்டார், ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் மாடல் விமான கிளப்பில் கேட்கலாம்தான். ஆனால் அங்கே இருப்பவர்கள் பட்டம் விடவே லாயக்கில்லாதவர்கள். பாதுகாப்புச் சோதனைக்கு ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தூண் என்று பேர் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 5 ஞாயிறு கிளப்பின் கண்காட்சி, அன்றைக்குத்தான் இதைப் பறக்கவிடப் போகிறேன். முந்நூறு பேர் வருவார்கள், முன்வரிசையில் உன் அண்ணிக்கு நாற்காலி. அவள் சொல்வதைக் கேள்: "அதுக்கு ரெண்டு மூளை வச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணாவது வச்சுக்கக் கூடாதா?"

ஆஸ்பத்திரி மெஷின்களைத் திறந்து மூடிப் பிழைக்கிறவள் நீ. ஏதாவது தோன்றினால் எழுது.

உன் அண்ணன்

~

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

வயிற்றுவலி என்று வந்தவனுக்கு மருந்து, சட்டை, கட்டில், நர்ஸ் நாலையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, வலி எதனால் என்று கேட்கும் டாக்டரைப் போல எழுதியிருக்கிறாய். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று. மாற்றியபின் பார். பார்த்ததை எழுது. இது எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுத்தருவது.

ஒருவரை வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல். எஞ்சினை ஓடவிடு. ரிமோட்டைக் குறைந்த சக்தியில் வைத்துக்கொண்டு முப்பது தப்படி தள்ளிப் போய் நில். விமானத்தை நான்கு திசைக்கும் திருப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மடல்களை ஆட்டு. தவறவிட்ட சிக்னல்களை ரிசீவர் தன் நினைவில் எண்ணி வைத்திருக்கும். இடதுக்கு நான்கு எண், வலதுக்கு நான்கு. பிறகு இரண்டு ரிசீவர்களையும் இடம் மாற்றி, உதறல் வலதிலேயே நிற்கிறதா இடதுக்குப் போகிறதா என்று பார். வேறு எதையும் தொடாதே.

போனில் நீ எதற்கும் "பாத்துட்டேன்" என்பாய். எழுத்தில் அதையே சொல்ல ஒவ்வோர் எழுத்தாக எழுதியாக வேண்டும். அவ்வளவு உழைப்பு உனக்கு ஆகாது என்பதால்தான் கடிதம் கேட்கிறேன்.

தங்கை

~

பிப்ரவரி 16

அன்புத் தங்கைக்கு,

உன் பாடத்துக்கு நன்றி. வீட்டில் ஒரு வாத்தியாரம்மா இருப்பது தெரியாமல் இத்தனை நாள் வளர்ந்துவிட்டேன்.

சோதனை முடிந்தது. இடது: 3, 4, 3, 4. வலது: 3, 4, 3, 4. ரிசீவர்களை இடம் மாற்றியும் பார்த்துவிட்டேன். உதறல் எந்தப் பக்கமும் இல்லை. ஏதோ ஒரு இணைப்பு தானாக உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. எண்களைத் தூணிடம் கொடுத்தேன், பறக்கவிடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. உள்ளே ஒரு ஒயர்கூடத் தொங்கவில்லை. கண்காட்சிக்கு வந்தால் நீயே பார்க்கலாம். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உன்னைத் தேடி யாரும் அழப்போவதில்லை.

உன் அண்ணன்

~

பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

வாலைப் பிடித்தது யார்?

அந்த ஆளை நீ குறிப்பிடவே இல்லை. கிளப்பில் நீ சண்டை போடாத ஆள் இல்லை. அண்ணிக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது. நீ ரிமோட்டோடு முப்பது தப்படி தள்ளி நின்றால், ஓடும் எஞ்சினோடு இருபத்திரண்டு கிலோவைப் பிடித்தது எந்தப் பேய்?

அந்த எண்களுக்கு வருவோம். இரண்டு ரிசீவர்களும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு திசையில் ஆன்டெனா நீட்டி உட்கார்ந்திருக்கின்றன. நான்கு திசையிலும் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே எண்ணைத் தராது. ஒரு வரியைக் கற்பனை செய்யவே உனக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. இரண்டாவதை முதலாவதைப் பார்த்து எழுதிவிட்டாய். பொய்யிலும் இப்படி ஒரு சோம்பேறித்தனம்.

அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளையும் இப்படித்தான் பார்த்தாய். "பாத்துட்டேன், எல்லாம் நார்மல்" என்று எனக்குப் போன் செய்தாய். ஐந்து வாரத்தில் அம்மா போனாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தியபோது உன் அலமாரியில் அந்தத் தாள் வந்த உறை கிடைத்தது. ஒட்டுப் பிரிக்கப்படவில்லை.

உன் கடிதத்தை நகல் எடுத்துக் கிளப்புக்கு அனுப்பிவிட்டேன். நீ தூண் என்கிற அந்தப் பாதுகாப்புச் சோதனைக்காரருக்குத்தான். அவர் கையெழுத்தை அவரே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். முந்நூறு பேர் தலைக்கு மேல் உன் "பாத்துட்டேன்" பறக்க வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

தங்கை

~

மார்ச் 7

தங்கைக்கு,

உன் ஆசை நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் வந்து உட்காரும் நேரத்தில், எல்லார் முன்னாலும் தூண் என்னிடம் வந்தார். "உங்க தங்கச்சி எழுதியிருக்காங்க, சார். எடுங்க, இன்னொரு தடவை பாத்துருவோம். வாலை நான் பிடிக்கிறேன்." பின்னால் ஒருவன், "ரெண்டு ரிசீவர் பத்தல, மூணாவதா தங்கச்சி" என்றான். சிரிப்பு. உன் அண்ணியும் சிரித்தாள்.

அந்த மனுஷன் முக்கால் மணி நேரம் வெயிலில் குனிந்து பிடித்தார். இடது: 5, 7, 4, 6. வலது: 61, 118, 240, 97. மூன்றாவது திசையில் வலது மடல் முழுசாக இறங்கி அப்படியே நின்றது. நான் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. மேலே இருந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று பார்த்தேன். நாற்காலிகள் இருந்த பக்கம்.

ரிசீவர்களை இடம் மாற்றினோம். உதறல் வலதிலேயே நின்றது. பிரித்தோம். எஞ்சினுக்குத் தீப்பொறி கொண்டுபோகும் ஒயரோடு சேர்த்து வலது ஆன்டெனாவை நானே கட்டியிருந்தேன், உள்ளே நறுவிசாகத் தெரியட்டும் என்று. அந்தத் தீப்பொறிதான் சிக்னலைக் கெடுத்திருக்கிறது. தூண் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். திட்டியிருக்கலாம்.

நீ செய்தது சரி என்று எழுதக் கை வரவில்லை. எழுதப்போவதும் இல்லை.

ஆனால் ஒன்று. அந்த உறை அலமாரிக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. அந்த வாரம் நீ மூன்று நாள் லீவில் வந்திருந்தாய். அதே ஃபிரிட்ஜை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து மூடினாய். ஊரார் மெஷினையெல்லாம் திறக்கிறவளுக்கு ஒரு காகித உறையைத் திறக்க வரவில்லை. இரண்டு வருடம் என்னைக் காறித் துப்பிக்கொண்டிருந்தாய், வாங்கிக்கொண்டேன். இனிமேல் எழுதாதே.

அண்ணன்

~

மார்ச் 13

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உறையைப் பார்த்தேன். நீ பார்த்துவிட்டதாகச் சொன்னதை நம்பித்தான் விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். அது உண்மை இல்லை. கையில் எடுத்தேன். ஒட்டுப் பிரியாமல் இருந்ததும் தெரிந்தது. அம்மா உள் அறையில் இருமிக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்ப வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். உன்னைக் காறித் துப்புவதற்கு அந்த உறை எனக்கு வசதியாக இருந்தது. இதற்கு மேல் எழுத எனக்கும் கை வரவில்லை.

உன் எட்டு எண்களும் உண்மை. 240 போன்ற ஒன்றை நீ கற்பனை செய்திருக்க மாட்டாய்.

ஆன்டெனாவை அந்த ஒயரிலிருந்து பிரித்துவிட்டால் மட்டும் போதாது. பிரித்தபின் எட்டு எண்களையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். வெயிலில் வாலைப் பிடித்த அந்த மனிதரை இன்னொரு தடவை குனிய வைக்காதே. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வாலை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ முப்பது தப்படி தள்ளி நில். எஞ்சின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் எதுவும் கேட்காது, பேச வேண்டியிருக்காது.

தங்கை