ஏலத்தைப் பற்றிய பகுதி

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். நடை இல்லை. பிளெய்ன்ஸ்பரோ மாதிரி அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டத் தெரியாதவன் மழையில் எங்கே போவது.

ஞாயிறு பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன். முதியோர் தமிழ்க் கூட்டம். தலைப்பு: இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் ஜெர்மனி. கல்லூரியில் வருடக்கணக்காக நடத்திய பாடம்தான். இருந்தும் சரியாகச் சொல்வேனா என்று சந்தேகம்.

குறிப்பு: தோல்வி நிச்சயம் என்று பலருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் மரண தண்டனைகூட. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீட்டுச் சாமான்கள் பொது ஏலத்தில். அலமாரி, மேஜை விரிப்பு, தொட்டில். அதே ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். பிற்பாடு, ஒன்றும் தெரியாது என்றார்கள். பேச்சின் உயிர் இந்த இடம்தான்.

10, வெள்ளி

மழை விட்டது. மகன் ஸ்ரீதர் குறிப்பைப் படித்தான்.

"அப்பா, இதை ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடுவாங்க."

"எண்பது வருஷத்துக்கு முந்தின கதைடா."

"யாராவது இப்ப இங்க நடக்கிறதோட கம்பேர் பண்ணிக் கேப்பாங்க. நீங்க வாத்தியார், பதில் சொல்லாம இருக்க மாட்டீங்க. என் கிரீன் கார்டு இன்னும் பெண்டிங். சண்டை, மேப், அதோட நிறுத்துங்க. ஏலம் எல்லாம் வேணாம்."

உள்ளேயிருந்து பேத்தி: "டாட், இட்ஸ் ஜஸ்ட் ஹிஸ்டரி."

"நீ ஹோம்வொர்க்கைப் பாரு."

அவன் பயம் நியாயம். எத்தனை வருடக் காத்திருப்பு. ஏலப் பகுதியை அடித்தேன். பேனா அழுத்தமாகவே ஓடியது.

11, சனி

நல்ல வெயில். மேல்மாடிக் குடும்பம் காலி செய்கிறது. ஈக்வடார்க்காரர்கள். போன வாரம் கணவனைக் குடியேற்ற அதிகாரிகள் பார்க்கிங்கிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி சாமான்களை விற்கிறாள், இடுப்பில் குழந்தை.

மருமகள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்க முதுகுக்குன்னே வாங்கினேன். புதுசு மாதிரி இருக்கு பாருங்க. பாவம், அவங்களுக்கும் ஹெல்ப்."

நல்ல மனசுதான். அந்த ஏலமும் இதுவும் ஒன்றல்ல. பாதிகூட அல்ல. வரலாறு படித்தவன் அவசரப்படக் கூடாது.

உட்கார்ந்தேன். முதுகுக்கு இதம்.

12, ஞாயிறு

மேகமூட்டம். பேச்சு தடங்கலில்லாமல் முடிந்தது. பின்வரிசையில் ஸ்ரீதர், அவன் பக்கத்தில் கேமரா. கேள்வி நேரத்தில், ஓய்வு பெற்ற டாக்டர் அம்மாள் ஒருவர் எழுந்தார்.

"சார், யூதர்களுக்கு நடக்கிறது அங்க இருந்த சாதாரண ஜனங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஏலம் நாக்கு நுனி வரை வந்தது. ஸ்ரீதர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"பெரும்பாலும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லைங்க" என்றேன்.

"பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார் முன்வரிசைக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். கைதட்டல். பிறகு கேசரி, காப்பி.

காரில் ஸ்ரீதர்: "சூப்பர்ப்பா. சேஃபா முடிச்சீங்க."

அடுத்த மாதமும் பேச வேண்டுமாம். தலைப்பு கேட்டார்கள். சோழர் கால ஏரிகள் என்றேன்.