துள்ளிய மீனைச் சுட்டவன்

செவ்வாய்க்கிழமை, நாவற்குடா.

இன்று முதியோர் வகுப்பில் ஒரு போர்க் கவிதையை எழுத்துக்கூட்டி, கடைசி வரி வரை நானே வாசித்தேன்! வாவிக்கரையில் காவல் நிற்கும் படைவீரன், மீன் துள்ளிய சத்தத்துக்குச் சுடுகிறான். தண்ணீர் அடங்கிய பிறகும் துவக்கைத் தாழ்த்தாமல் நிற்கிறான்.

"பொல்லாதவன்," என்றாள் கனகம் மச்சாள்.

"இல்லகா, பயந்தவன்," என்றேன்.

"பயம் என்டு ஒரு எழுத்தும் அதில இல்லையே மச்சான். இப்பதான் வாசிக்கப் பழகினீங்க, அதுக்குள்ள இல்லாததையும் வாசிக்கிறீங்களோ?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும், "பயம் எங்க தெரியுது, சொல்லுங்க ஐயா," என்றார்.

"மீன் துள்ளுறதுக்கும் ஆள் வாறதுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியல்ல டீச்சர். சுட்ட பிறகும் நம்பிக்கை வரல்ல."

சொன்னதும் என் காலைத் தடவிப் பார்த்தேன். யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை, பாலத்தில் காவல் நின்றவன் தோணியில் இருந்த என்னைச் சுட்டான். அன்றிலிருந்து நொண்டுகிறேன். விளையாட்டுக்குச் சுட்டான் என்றே இத்தனை வருடமும் அவனைத் திட்டினேன். ஆனால் அப்போது நான், மீனை வலைக்குள் விரட்டத் துடுப்பால் தண்ணீரைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. பயந்தவன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.