வழி தவறிட்டானாம்

இதை எடுத்தவர் யாராயிருந்தாலும் காலைப் பிடித்துக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டவேண்டாம். அண்ணாவுக்குக் காட்டவே வேண்டாம்.

ஏப்ரல் 9, செவ்வாய். வெள்ளவத்தை

புழுக்கம். கடல் பக்கம் இடி மட்டும், மழை இல்லை.

மலைக்குப் போன அண்ணா தனியே வந்தார். வாசல் படலையில் நின்றது நான்தான். கூடப் போன சிநேகிதன் எங்கே, அல்பிரட் அண்ணா எங்கே என்று கேட்டேன். "தவறிட்டான்." உள்ளே போய் அம்மாவிடம், "காட்டிலை வழி தவறிட்டான்." எனக்குச் சொன்னபோது 'வழி' என்ற சொல் இல்லை.

இரவு கரண்டியால் சாப்பிட்டார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருக்கிறது. முள்ளாம்.

ஏப்ரல் 10, புதன்

கணக்கு செய்யவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கவேண்டும்.

போகுமுன் அண்ணா அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியவர், காட்டோடு திரும்புவேன், மேலே ஏறமாட்டேன் என்று. எனக்கு மட்டும் அப்போதே வேறு கதை சொன்னார். மரம் முடிந்ததும் கத்தி மாதிரி ஒரு முகடாம். இரண்டு பக்கமும் பாதாளம். பாறையைக் கையால் பிடித்துத் தவழவேணுமாம்.

"நாய் மாதிரியோ?"

"பல்லி மாதிரி. வாயை மூடிக்கொண்டிரு."

பின்னேரம் அல்பிரட் அண்ணாவின் அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். தேயிலைத் தோட்டத்துத் துரை ஆள் விட்டுக் காடெல்லாம் தேடுகிறாராம். "தண்ணி கிடைச்சா பொடியன் தாங்குவான், என்ன மகள்?" என்று என்னைக் கேட்டார். அண்ணா யன்னலைப் பார்த்தார்.

அவர் போனபின் கேட்டேன். "மேலே ஏறினீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை."

"அம்மா சாகவேணுமோ உனக்கு?"

ஏறவில்லை என்று அண்ணா சொல்லவில்லை. பொய்ச்சத்தியம் என்றால் தலைக்கு உரியவருக்குத்தான் ஆபத்து. அம்மாவுக்குத் தலையிடி. வெயிலாம்.

ஏப்ரல் 11, வியாழன்

மழை. பள்ளிக்கூடம் இல்லை. வடை, மூன்று தின்றேன். வெட்கமாயிருக்கிறது.

அல்பிரட் அண்ணாவின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுபவர், திரும்ப வந்தார், நாளைக்கு ரயிலில் அண்ணாவைக் கூட்டிப்போக. இடத்தைக் காட்டட்டுமாம். அண்ணா காட்டைத்தான் காட்டுவார். அல்பிரட் அண்ணா பாறைக்குக் கீழே உயிரோடு கிடந்தால்?

படலைவரை குடை பிடித்துப் போனேன்.

"மாமா, காட்டிலை தேடாதேங்கோ. முகட்டுக்குக் கீழே பாருங்கோ."

ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. துரைக்குத் தந்தியடிக்க நனைந்துகொண்டே தந்திக் கந்தோர்ப் பக்கம் ஓடினார். திரும்பினால் விறாந்தையில் அண்ணா.

"இவ்வளவு நேரம் என்ன கதை?"

"குடை கொடுத்தனான்."

குடை என் கையில்.

இப்போது எல்லோரும் படுத்தாயிற்று. அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். வருகிறது. மூன்றாம் தரம் போக

என் அறைக் கதவு தட்டும் சத்தம். அம்மா தட்டமாட்டா, பேர் சொல்லிக் கூப்பிடுவா