அண்ணனின் ஏழு ஊர்களுக்கும் சோறு

அண்ணா,

எழுந்ததும் கம்ப்யூட்டரிடம் ஓடாதே. முதலில் இதைப் படி.

"பிடிச்ச ஏழு ஊரும் பட்டினி, ஏழுலயும் கலகம்! காலைல இந்த விளையாட்டையே அழிச்சுட்டுத்தான் மறுவேலை" என்று நேற்று கத்தினாய். நான் வாயைத் திறந்ததும், "கேன்டீன்ல அரிசி அளக்கிறவ ராஜ்யத்தைப் பத்திப் பேசாதே" என்றாய். சரி, பேசவில்லை. விடியற்காலையில் எழுந்து உன் இடத்தில் உட்கார்ந்து நானே ஆடிவிட்டேன்.

பிடித்த ஊரிலெல்லாம் வயலை அழித்துப் படைவீடு கட்டியிருக்கிறாய். தின்ன ஆயிரம் பேர், விளைவிக்க ஒருவன் இல்லை. எங்கள் கேன்டீனில் இப்படிச் செய்தால் மதியத்துக்குள் என்னைத் தட்டாலேயே அடிப்பார்கள். படைவீடுகளில் பாதியை இடித்து மறுபடி வயலாக்கி, பாதிப் படையை உழவுக்கு அனுப்பினேன். தலைநகரக் களஞ்சியத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அறுவடை வரை வரி கிடையாது என்றேன். இரண்டே அறுவடை! ஏழு ஊரிலும் கலகம் அடங்கிவிட்டது, களஞ்சியம் வழிகிறது. எல்லாம் அரிசி அளக்கிற கைதான்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. குழாய் சரிசெய்பவர் பத்து மணிக்கு வருவார், தூங்கிவிடாதே. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று நானும் கதவை அவ்வளவு வேகமாகச் சாத்தியிருக்க வேண்டாம்.

இன்னொன்று. மூன்று முறை முட்டியும் உன்னால் பிடிக்க முடியாத அந்த மலைக்கோட்டை, இப்போது தானாகவே தூது அனுப்பியிருக்கிறது. நம்மோடு சேர்ந்துகொள்கிறதாம். திரையை அப்படியே விட்டிருக்கிறேன். ராஜா நீதான், 'சரி' என்பதை நீயே அழுத்து.